நாளுக்கு இருபது சாப்பாடு: உங்கள் உணவகத்தில் அன்னதானம் தொடங்குவதற்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரில் தைப்பூசத்தன்று பசியோடு வீடு திரும்புவது இயலாத காரியம். பத்துமலைக்குச் செல்லும் வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல்கள் நிற்கும். ஒரு பந்தலில் வாங்கிய புளிசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த பந்தலில் மோருக்குக் கை நீட்டுவோரைக் காணலாம். அதே ஊரில், சம்பளம் வருவதற்கு நான்கைந்து நாள் இருக்கும்போது, மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகளுக்கு வெறுஞ்சோற்றில் கிச்சாப் (சோயா சாறு) ஊற்றிக் கொடுக்கும் தாய்மாரும் இருக்கிறார்கள். கொடுக்கும் மனத்துக்கு நம்மவர்களிடம் பஞ்சமில்லை என்றாலும், கொடுப்பதெல்லாம் ஆண்டில் சில நாள்களில் குவிந்துவிட்டு மற்ற நாள்களில் வறண்டு போகிறது. செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஜாலான் ஈப்போவிலோ சிறிய உணவகம் நடத்தும் ஒருவர், அந்த மற்ற நாள்களுக்கு எதையாவது செய்ய வேண்டும் என்று நினைத்தால், எங்கிருந்து தொடங்குவது என்பதே இக்கட்டுரையின் பொருள். பினாங்கில் கடை வைத்திருப்போருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

2020 மார்ச் 18 அன்று கோவிட் பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது நின்றுபோய், பொட்டலம் கட்டிக் கொடுப்பது மட்டுமே மிஞ்சியது. வருமானம் அடிபட்ட அந்த நிலையிலும் ஏராளமான உணவகங்கள் இலவசமாகச் சமைத்துக் கொடுத்தன. 2021 ஜூலையில் உதவி வேண்டுவோர் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டியபோதும், அதே ஆண்டு டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் வெள்ளத்தில் மூழ்கியபோதும் முதலில் அடுப்பு மூட்டியவர்களில் உணவகக்காரர்களும் இருந்தார்கள். அக்காலத்தில் நான் அருகிலிருந்து பார்த்த கடைகளில், முதல் வாரம் முந்நூறு பொட்டலம் கொடுத்தவர்கள் மூன்றாம் வாரம் நிறுத்திவிட, நாளுக்கு இருபது மட்டும் என்று தொடங்கியவர்களே நீடித்தார்கள். கீழே வரும் படிகள் யாவும் இந்தச் சிறிய எண்ணிக்கையைச் சுற்றியே அமைந்தவை.

முதற்படி: எண்ணிக்கையைக் கட்டுங்கள்

எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்று மனத்தைக் கேட்காமல் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். ஒரு சைவச் சாப்பாட்டின் அடக்கவிலை 4 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 20 சாப்பாடு, மாதத்துக்கு 26 வேலை நாள் என, மாதச் செலவு 2,080 ரிங்கிட் ஆகிறது. வியாபாரம் மிகவும் மந்தமாக இருந்த மாதத்தின் கணக்கை எடுத்து, அந்த மாதத்திலும் இத்தொகை கையை விட்டுப் போயிருந்தால் வாடகையும் சம்பளமும் தடையின்றிக் கொடுத்திருப்பீர்களா என்று பாருங்கள். முடியாது என்றால் எண்ணிக்கையைப் பத்தாக்குங்கள். பத்து என்பது அவமானமான எண் அன்று. ஆண்டு முழுவதும் பத்து என்பது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சாப்பாடு.

அடக்கவிலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தபின், அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக ஏறியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஏற்றம் வரும்போது சாப்பாட்டின் அளவைக் குறைப்பதைவிட எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது. அரை வயிற்றுச் சாப்பாடு கொடுக்கிற கடை என்ற பெயர் ஒருமுறை வந்துவிட்டால் போகாது.

என்ன சமைப்பது என்பதிலும் ஒரு சொல். சோறு மலிவு என்பதால் சோற்றைக் குவித்துக் கறியைக் கிள்ளி வைப்பது எளிது. ஆனால் கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதாகக் கண்டது. 23 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையுடன் இருப்பதாகவும் அதே ஆய்வு கூறியது. வயிறு நிறைந்தும் சத்துக் குறைந்த பிள்ளைகள் அவர்கள். ஆகவே கெட்டியான பருப்பு, ஒரு கீரை அல்லது காய், முட்டை உண்போருக்கு ஓர் அவித்த முட்டை என்பதைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பளத்தை விட்டுவிட்டாலும் பருப்பை விடாதீர்கள்.

இரண்டாம் படி: கொடுக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

இதற்கு ஏற்கெனவே நம்மிடையே முன்மாதிரிகள் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலை அமைப்புடன் இணைந்த அன்னலட்சுமி உணவகம், விரும்பியதை உண்டு மனத்துக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம் என்ற கொள்கையால் பெயர் பெற்றது. தத் கால்சா குருத்துவாரா என்னும் சீக்கியர் கோவிலின் லங்கார் எனப்படும் பொது உணவுக்கூடத்தில் யார் வந்தாலும் பந்தியில் உட்காரலாம். இவை அறநிறுவனங்களின் முறைகள். தன்னார்வலர் கூட்டமும் நன்கொடையாளரும் பின்னணியில் இருக்கிறார்கள். வாடகை கட்டி வியாபாரம் செய்யும் ஒரு கடை இதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் ஷட்டரை இறக்க நேரிடும். கடைக்கு ஏற்றது டோக்கன் முறை.

டோக்கன் முறையில், சாப்பிட வந்த வாடிக்கையாளர் தம் கணக்கைக் கட்டும்போது முகந்தெரியாத இன்னொருவருக்கான சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கட்டுகிறார். நீங்கள் ஓர் அட்டையில் கடை முத்திரை குத்தி எண்ணிட்டுப் பலகையில் மாட்டுகிறீர்கள். தேவைப்படுபவர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிடுகிறார். உங்கள் பங்கான அட்டைகள் ஒவ்வொரு நாளும் காலையில் பலகைக்கு வந்துவிட வேண்டும். வாடிக்கையாளர் கட்டியவை அவற்றோடு சேரும். இருபது சாப்பாட்டில் பாதிச் செலவையாவது வாடிக்கையாளர்கள் ஏற்றுக்கொண்டால் மேலே சொன்ன 2,080 ரிங்கிட் 1,040ஆகக் குறைந்துவிடும்.

பலகையை எங்கே மாட்டுவது என்பதை அற்பமான கேள்வியாக எண்ண வேண்டாம். பெரும்பாலோர் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டுகிறார்கள், கண்காணிக்க எளிது என்பதால். காசில்லாதவர் கடைக்குள் நுழைந்தவுடன் காசு எண்ணும் இடத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்பது அதன் பொருள். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டிப் பாருங்கள். கடைக்கு வரும் எல்லாரும் அங்கே ஒருமுறை போவார்கள். கை கழுவிவிட்டுத் திரும்பும்போது ஓர் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதை யாரும் கவனிக்க மாட்டார்கள். யாராவது இரண்டு எடுத்தால் எடுக்கட்டும். இன்னொன்று வீட்டிலிருக்கும் மனைவிக்காக இருக்கும். அப்படி இல்லாவிட்டாலும் நட்டம் 4 ரிங்கிட்தான்.

அட்டை மேசைக்கு வந்தபின் நடப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பெரியவர் ஒருவர் மஞ்சள் அட்டையை மேசையில் வைக்கிறார். ஆர்டர் எடுக்கும் பையன் புதியவன், பழக்கத்தில் சமையலறைப் பக்கம் திரும்பி, "அண்ணே, ஃப்ரீ சாப்பாடு ஒண்ணு!" என்று குரல் கொடுக்கிறான். பக்கத்து மேசையில் அப்பளம் நொறுக்குபவர் நிமிர்ந்து பார்க்கிறார். பெரியவர் அன்று சாப்பிட்டுவிடுவார், மறுநாள் வரமாட்டார். பையன் மனத்தில் எந்தக் கெடுதலும் இல்லை, அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே தொடங்குவதற்கு முதல் நாள் எல்லா ஊழியரையும் உட்கார வைத்து ஒத்திகை பாருங்கள். அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட வேண்டும், "ஒரு இலை, சைவம்" என்று மற்ற ஆர்டரைப் போலவே சொல்ல வேண்டும், "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமாய்யா?" என்று மற்ற மேசையில் கேட்பதைப் போலவே கேட்க வேண்டும். காசு கொடுத்தவருக்கு வாழையிலையும் அட்டை கொடுத்தவருக்குக் காகிதமும் என்று பிரிக்கவே கூடாது.

அடையாள அட்டை, வருமானச் சான்று, குடும்ப நிலவரம் எதையும் கேட்காதீர்கள். தகுதி பார்த்துக் கொடுப்பது சமூக நலத்துறையின் வேலை. மியான்மாரிலிருந்து வந்த அகதியும், வேலை இழந்த நாட்டுக்காரரும், இரவுக் காவல் முடித்து வரும் முதியவரும் ஒரே பலகையிலிருந்து எடுக்கட்டும். படமும் வேண்டாம். நன்கொடையாளர் சிலர், தொகுதி அரசியல்வாதிகள் உட்பட, பதாகையோடும் கைப்பேசியோடும் வந்து, பொட்டலத்தின் ஒரு முனையைத் தாம் பிடித்து மறு முனையை வாங்குபவர் பிடிக்கும்படி படம் எடுக்க விரும்புவார்கள். பாத்திரங்களையும் பலகையையும் எடுத்துக்கொள்ளலாம், ஆட்களை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது.

இலவசம் என்றால் கை நீட்டாதவர்களும் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களுக்கு விலை குறைந்த சாப்பாடு ஒன்று வேண்டும். 2023 ஜனவரி 31 அன்று தொடங்கப்பட்ட அரசின் மெனு ரஹ்மா திட்டத்தில் ஒரு முழுச் சாப்பாடு 5 ரிங்கிட்டுக்கு மேற்படாமல் விற்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. திட்டத்தில் சேர்கிறீர்களோ இல்லையோ, அந்த விலையில் ஒரு சாப்பாட்டை விலைப்பட்டியலில் வைத்தால், இலவசத்தை மறுக்கும் ஒருவர் தலை நிமிர்ந்து காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார். இத்திட்டம் பற்றியும் பொருள் விலை பற்றியும் பிரிமாஸ் எனப்படும் மலேசிய இந்திய உணவக உரிமையாளர் சங்கத்தில் விசாரிக்கலாம்.

மூன்றாம் படி: உணவு கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

இலையில் பரிமாறுவதில் ஆபத்துக் குறைவு. அடுப்பிலிருந்து வாய்க்குச் சில நிமிடமே. எடுத்துச் செல்வதற்காகக் கட்டும் பொட்டலம்தான் கவலை தருவது. சமைத்த உணவு 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிடக்கும்போது நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, நம் ஊரின் வெயிலோ முழுக்க முழுக்க அந்த இடைவெளிக்குள் அடங்குவது. சமைத்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும் என்பது சுகாதார அமைச்சு வலியுறுத்தும் வரம்பு. ஆகவே மதியம் 12 மணிக்கு வடித்த சோற்றை 12.30க்குக் கட்டினால், பொட்டலத்தின் மேல் மார்க்கர் பேனாவால் "4 மணிக்குள் சாப்பிடவும்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதிவிடுங்கள்.

சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கறி கெட்டால் மூக்குக்குத் தெரியும், சோறு கெட்டது பல வேளை தெரிவதில்லை. பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வடித்த சோறு அண்டாவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாக இருந்தால் அவை முளைத்து, வாந்தியை உண்டாக்கும் நச்சை உருவாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்த நச்சு அழிவதில்லை. எனவே மதியம் மிஞ்சிய சோற்றை இரவுப் பொட்டலத்துக்குத் தாளித்துக் கொடுக்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். பொட்டலத்துக்கு வேண்டிய அளவை மட்டும் தனி அண்டாவில் வடியுங்கள். ஒரு கிலோ அரிசி ஏறக்குறைய எட்டுப் பேருக்கு வரும் என்பதால் இருபது பொட்டலத்துக்கு இரண்டரைக் கிலோ போதும். தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப்பால் சேர்த்த குருமா, தயிர்ப்பச்சடி ஆகியவற்றைப் பொட்டலத்தில் வைக்காதீர்கள். சாம்பாரைத் தனிப் பையில் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். சோற்றின் மேல் ஊற்றிக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் குழைந்து யாரும் விரும்பாத நிலைக்கு வந்துவிடும். பாலிஸ்டைரின் பெட்டிகள் கூட்டரசுப் பிரதேசங்களில் 2017 முதல் தடைசெய்யப்பட்டவை; பினாங்கில் அதற்கும் முன்பே தடை வந்துவிட்டது. வாழையிலை வைத்த காகிதமே மலிவு, மணமும் உண்டு.

உதவிக்கு வரும் இளைஞர்கள் ஆர்வத்தோடு சமையலறைக்குள் நுழைவார்கள். 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி உணவைக் கையாளுவோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைஃபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். அந்த ஊசியை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இலவசச் சாப்பாட்டுக்கு மட்டும் இதில் சலுகை கிடையாது. ஊசி போடாத தன்னார்வலரை அட்டை எழுதவும் கட்டிய பொட்டலங்களை எடுத்துச் செல்லவும் வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: சட்டமும் காசும்

"யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் கடையை மூட வேண்டி வருமே" என்று தயங்குவோர் பலர். 2020ஆம் ஆண்டின் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 826, இந்த அச்சத்தைக் கருதியே இயற்றப்பட்டது. நல்லெண்ணத்தோடும் பாதுகாப்பு விதிகளின்படியும் உணவு கொடுத்தவர் மீது உரிமையியல் பொறுப்பு விழாமல் அது காக்கிறது. கடும் கவனக்குறைவும் வேண்டுமென்றே செய்த தவறும் அதில் அடங்கா. நேற்றைய சோற்றைத் தெரிந்தே கட்டிக் கொடுத்தவர் இச்சட்டத்தின் பின்னால் ஒளிய முடியாது. எந்த நாள் என்ன சமைத்தது, எத்தனை மணிக்குக் கட்டியது, எந்தத் தன்னார்வலர் கையில் போனது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதி வையுங்கள்.

ஹலால் பற்றியும் தெளிவு வேண்டும். இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஹலால் சான்றிதழ் இல்லாத கடை, தான் சமைப்பது முழுச் சைவமே என்றாலும், பொட்டலத்திலோ பலகையிலோ அச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. "சைவ உணவு, முட்டை சேர்க்கவில்லை" என்று உள்ளதை எழுதினால் போதும். முஸ்லிம் அன்பர்கள் தாங்களே முடிவெடுத்துக்கொள்வார்கள். நோன்பு மாதத்தில் பொட்டலத்தை மாலைக்கு மாற்றி, நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்பாகக் கொடுப்பது மரியாதையாக இருக்கும்.

நன்கொடைக் காசைக் கடைக் காசோடு கலக்காதீர்கள். தனிக் கணக்கு இருந்தால் நன்று. இல்லாவிட்டால் தனிப் பெட்டியும் தனிப் புத்தகமும் வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் முந்தின வாரத்தில் வந்தது, செலவானது, இருப்பு என்று மூன்று எண்களைப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுங்கள். அந்த மூன்று எண்ணும் உங்களைப் பற்றிய பேச்சை முளையிலேயே நிறுத்திவிடும். கைப்பேசிவழி காசு செலுத்தும் டூயிட்நவ் கியூஆர் குறியீடு ஒட்டியிருந்தால், அதன் மேல் வேறொருவர் தம் குறியீட்டை ஒட்டிவிடாதபடி காலையில் கடை திறக்கும்போது ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். கடைக்குள் பெட்டி வைப்பது வேறு, தெருவிலோ வீடு வீடாகவோ உண்டியல் குலுக்குவது வேறு. பின்னதற்கு 1947ஆம் ஆண்டின் சட்டப்படி காவல்துறையின் உரிமம் வேண்டும். வரிக் கழிவுக்கான ரசீது கேட்கும் நன்கொடையாளரிடம் கடையால் அதைத் தர இயலாது என்று சொல்லிவிடுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளே அதைத் தர முடியும்.

அரிசி மூட்டையோடு சிலர் ஒரு கிலோ பிளாஸ்டிக் பை சமையல் எண்ணெயும் கொண்டுவந்து இறக்குவார்கள். 2.50 ரிங்கிட் விலையுள்ள அந்த அரசு மானிய எண்ணெய் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே. உங்கள் சமையலறையில் அது இருப்பதை அதிகாரிகள் கண்டால் அன்னதானம் என்று விளக்கிக்கொண்டிருக்க நேரிடும். வாங்கிய அன்றே குடும்பங்களுக்கு அப்படியே கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: வெளியே எடுத்துச் செல்வதென்றால்

தெருவில் உறங்குவோருக்கு நேரே கொண்டுபோய்க் கொடுக்க விரும்புவோர், அதற்கு முன் ஓர் இரவு சௌகிட், மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் வெறுங்கையோடு நடந்து பார்க்க வேண்டும். ஒரே மூலையில் ஒரே இரவில் மூன்று குழுக்களின் வாகனங்கள் வந்து நிற்பதும், நான்காவது பொட்டலம் திறக்கப்படாமலே குப்பைத் தொட்டிக்குப் போவதும் கண்ணில் படும். 2014இல் நகர மையத்தில் இரண்டு கிலோமீட்டர் ஆரத்துக்குள் உணவு வழங்குவதைத் தடுக்க அன்றைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் முனைந்தபோது எழுந்த எதிர்ப்பு நியாயமானது என்றே கருதுகிறேன். ஆனால் குப்பை பற்றிய குறை முற்றிலும் பொய்யன்று. ஜாலான் இம்பியை ஒட்டிய ஜாலான் பாராட்டில் இயங்கும் கெச்சாரா சூப் கிச்சன், பெர்த்திவி போன்ற, தெருவில் உறங்குவோருக்கு உணவளிக்கும் அமைப்புகளுக்கு எந்த இரவில் எந்தத் தெரு காலியாக இருக்கும் என்பது தெரியும். அவர்களிடம் கேட்டு, ஆள் வராத இரவை எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் கொம்தார் சுற்றுவட்டாரத்துக்கும் இதே அறிவுரை.

ஊழியர்களைப் பற்றி

உங்கள் தானம் அவர்களின் முதுகில் ஏறக் கூடாது. பொட்டலம் கட்டுவது வேலை நேரத்துக்குள் முடிய வேண்டும். மீறினால் மிகைநேரச் சம்பளம் கொடுக்க வேண்டும். 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை நேர வரம்பு. தமிழகத்திலிருந்து வந்து மாடியறையில் தங்கியிருக்கும் சமையல் மாஸ்டர், முதலாளியின் புண்ணியத்துக்காக ஓய்வு நாளைத் தியாகம் செய்வதில் தானம் எதுவும் இல்லை. ஊழியர் சாப்பாடு முதலில், அட்டைச் சாப்பாடு அதற்குப் பின்.

குறைக்கவோ நிறுத்தவோ நேர்ந்தால்

கடைக்கே நெருக்கடி வரலாம். சாலை தோண்டுவார்கள், வாடகை ஏறும், சமையல்காரர் ஊருக்குப் போய்விடுவார். அப்போது ஒரு நாள் காலையில் பலகையைக் கழற்றிவிடுவது மிக மோசமான வழி. அந்த ஒரு வேளையை நம்பி மற்ற செலவுகளைத் திட்டமிட்டிருப்பவர்கள் இருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே பலகையில் தேதியை எழுதுங்கள். அன்றாடம் வருபவர்களிடம் பரிமாறும்போதே தணிந்த குரலில் சொல்லுங்கள். முழுவதும் நிறுத்துவதற்கு முன், வாரத்தில் மூன்று நாள் என்று குறைத்துப் பாருங்கள். குறைக்கும்போது மாதக் கடைசியை ஒட்டிய நாள்களை விட்டுவிடாமல் அமைத்தால் பயன் அதிகம். குருத்துவாரா லங்கார் நேரம், பக்கத்துக் கோவிலில் அன்னதானம் நடக்கும் கிழமை, நலத்துறை உதவிக்கான 15999 என்ற தாலியான் காசே தொலைபேசி எண் ஆகியவற்றைச் சிறு துண்டுச் சீட்டில் அச்சிட்டு, கடைசி வாரம் முழுவதும் ஒவ்வோர் இலையோடும், காசு கொடுத்துச் சாப்பிடுபவரின் இலை உட்பட, வைத்துவிடுங்கள்.